மரமும் கொங்கிறீட்டும்: இலண்டன் தொடர்மாடிகளின் மூன்றரை நூற்றாண்டுக் கதை

கிழக்கு இலண்டனின் ஹக்னிப் பகுதியில் மரே குரோவ் என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்பது மாடிகளைக் கொண்ட தொடர்மாடிக் கட்டடமொன்று குடியிருப்புக்குத் தயாரானது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது அயலில் உள்ள ஏனைய கட்டடங்களில் ஒன்றாகவே தோன்றும். உள்ளே சென்றாலும் வெள்ளை பூசிய சுவர்களே கண்ணிற்படும். ஆயினும் அதன் கீழ்த்தளம் மட்டுமே கொங்கிறீட்டினால் ஆனது. அதற்கு மேலுள்ள எட்டு மாடிகளின் சுவர்களும் தளங்களும், படிக்கட்டையும் மின்தூக்கியையும் தாங்கி நிற்கும் கூடங்களும் கூட முழுக்க முழுக்க மரத்தினால் ஆனவை. அங்குள்ள 29 வீடுகளுள் 10 வீடுகள் வருமானம் குறைந்தோருக்கென வீட்டுதவி அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன.

இதில் என்ன புதுமை என்று வாசகர்கள் கேட்கலாம். மரத்தினால் வீடு கட்டுவது மனித குலம் அறிந்த மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆனால் இலண்டன் மாநகரம் மரத்தை வீட்டின் வெளிச்சுவரிலிருந்து சட்டம் போட்டு விலக்கிய நகரம். அந்தச் சட்டம் பிறந்த 1667 ஆம் ஆண்டுக்கும் மரே குரோவ் கட்டடம் நிறைவுற்ற 2009 ஆம் ஆண்டுக்கும் இடையே 342 ஆண்டுகள் கழிந்திருந்தன. திரும்பி வந்த மரம் பத்தாண்டு முடிவதற்குள் மீண்டும் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டது. இந்த வரவும் தடையும் கட்டடக் கலையின் வரலாறு மட்டுமல்ல. அரசாங்கங்கள் வறியவர்களுக்கு எப்படி வீடு கட்டின, அந்த வீடுகளில் ஏற்பட்ட தவறுகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதன் வரலாறுமாகும்.

தீ எழுதிய சட்டம்

1666 செப்டெம்பர் 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, இலண்டன் நகரின் புடிங் லேனில் இருந்த பேக்கரி ஒன்றில் தீ மூண்டது. நான்கு நாட்கள் எரிந்த அத்தீயில் ஏறத்தாழ 13,200 வீடுகளும் 87 ஆலயங்களும் பழைய புனித பவுல் பேராலயமும் அழிந்தன. அக்கால வீடுகள் மரச் சட்டங்களால் ஆனவை. மேல் மாடிகள் தெருவை நோக்கித் துருத்திக்கொண்டு நின்றமையால், எதிரெதிர் வீடுகளின் மேற்தளங்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. காற்றும் சேர்ந்துகொண்டபோது ஒரு தெரு எரிந்தால் மறுதெருவும் எரிந்தது.

அடுத்த ஆண்டு நிறைவேற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், நகரின் வீடுகளுக்கு வெளிச்சுவர் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைய வேண்டும் என்று விதித்தது. தெருவின் அகலத்துக்கேற்ப வீடுகளின் உயரமும் சுவர்களின் தடிப்பும் வரையறை செய்யப்பட்டன. 1707, 1709 ஆம் ஆண்டுச் சட்டங்களும் 1774 ஆம் ஆண்டின் கட்டடச் சட்டமும் இந்த நெறியை மேலும் இறுக்கின.

ஆனால் ஒன்றை இங்கு கவனிக்க வேண்டும். மரம் வெளியே தெரியாமற் போனதே தவிர, வீட்டை விட்டுப் போய்விடவில்லை. செங்கற் சுவர்களுக்கு உள்ளே தளங்களும் கூரையும் படிக்கட்டும் மரமாகவே இருந்தன. எரிந்த நகரை மீளக் கட்டுவதற்கு நோர்வேயிலிருந்து கப்பல் கப்பலாக மரம் வந்திறங்கியது. இன்று பார்ப்போர் வியந்து படமெடுக்கும் 18 ஆம் நூற்றாண்டின் இலண்டன் வீடுகள் யாவும் செங்கல்லும் மரமும் கலந்த கட்டடங்களே. சுமையைச் சுவர் தாங்க, தளத்தை மரம் தாங்கிற்று. ஒரு பொருளின் குறையை மற்றொரு பொருளின் வலிமை ஈடு செய்தது. கலப்புக் கட்டுமானம் என்று இன்று பேசப்படுவது அடிப்படையில் புதிய சிந்தனை அன்று.

சேரியிலிருந்து கோபுரத்துக்கு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனின் கிழக்குப் பகுதி சேரிகளால் நிறைந்திருந்தது. 1889 இல் உருவாக்கப்பட்ட இலண்டன் கவுன்டி சபை, 1890 ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் ஓல்ட் நிக்கொல் என்ற சேரியை இடித்து, பவுண்டரி குடியிருப்பை அமைத்தது. 1900 மார்ச் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். செந்நிறச் செங்கல்லாலான அக்கட்டடங்கள் இன்றும் அழகு குன்றாமல் நிற்கின்றன. இடித்த சேரியின் கற்குவியல் மீதே நடுவிலுள்ள வட்டப் பூங்கா எழுப்பப்பட்டது. ஆனால் இடம்பெயர்க்கப்பட்ட 5,000 க்கும் அதிகமான மக்களில் மிகச் சிலரே புதிய வீடுகளில் குடியேறினர். வாடகை அவர்களது கைக்கெட்டாததே காரணம். வறியவரின் பெயரால் கட்டப்படும் வீடு வறியவரைச் சென்றடையாத கதை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

முதலாம் உலகப் போரின் பின், 1919 ஆம் ஆண்டின் அடிசன் சட்டம் உள்ளூராட்சி சபைகளை வீடு கட்டும் நிறுவனங்களாக்கியது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகள் இலண்டனின் கிழக்குப் பகுதியை நொறுக்கிய பின், வீடு என்பது அரசியலின் தலையாய பிரச்சினையாயிற்று. வெளிநாட்டிலிருந்து மரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாத காலம் அது. வீடுகளுக்குப் பயன்படுத்தும் மரத்தின் அளவு 1950 களின் முற்பகுதி வரை அரச கட்டுப்பாட்டில் இருந்தது. சீமெந்தும் மணலும் கல்லும் உள்நாட்டிலேயே கிடைத்தன. எனவே கொங்கிறீட் வீட்டுப் பொருளாக வளர்ந்தது.

அதற்கு மேல் வந்ததுதான் 1956 ஆம் ஆண்டின் வீடமைப்பு மானியச் சட்டம். மாடிகளின் எண்ணிக்கை உயர உயர, உள்ளூராட்சி சபைக்கு ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் அரச மானியமும் உயரும் என்று அச்சட்டம் வகுத்தது. உயரமாகக் கட்டினால் கூடுதல் பணம். இதன் விளைவை ஊகிப்பது கடினமன்று. பத்து, பதினைந்து, இருபது மாடிக் கோபுரங்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் எழத் தொடங்கின. வேகமாகக் கட்ட வேண்டும் என்ற அவசரத்தில், தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீட் சுவர்ப் பலகைகளைக் கொண்டு வந்து சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை பரவியது. அந்தக் கோபுரங்களில் குடியேறியவர்கள் எவரும் அந்த முறையைத் தெரிவு செய்தவர்கள் அல்லர்.

ரோனன் பொயின்ற்

நியூஹாம் என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதன்று. ஈஸ்ட் ஹாமும் மனோர் பார்க்கும் அந்த உள்ளூராட்சிப் பிரிவுக்குள்ளேயே அடங்குகின்றன. இலண்டனில் இலங்கைத் தமிழர்கள் செறிந்து வாழும் இடங்களுள் அவையும் அடங்கும். அதே நியூஹாமின் கனிங் டவுன் பகுதியில், 1968 மார்ச் மாதத்தில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டது. அதில் 110 வீடுகள். உள்ளூராட்சி சபையின் வீடமைப்புக் குழுத் தலைவராக இருந்தவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. டென்மார்க்கில் உயரம் குறைந்த கட்டடங்களை மனதிற்கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு பலகை முறை, அங்கு 22 மாடிகளுக்கு நீட்டப்பட்டிருந்தது.

திறந்து இரண்டு மாதங்கள் சென்றன. 1968 மே 16 ஆம் திகதி அதிகாலை 5.45 மணியளவில், 18 ஆம் மாடியின் மூலை வீட்டில் குடியிருந்த பெண்மணி அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கொளுத்தினார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரியதொன்றல்ல. அப்பெண்மணி உயிர் தப்பினார் என்பதே அதற்குச் சான்று. ஆனால் அந்த வெடிப்பு வெளிச்சுவர்ப் பலகையைத் தள்ளிவிட்டது. அதன்மேல் தங்கியிருந்த மாடிகள் ஆதாரமின்றி விழுந்தன. விழுந்த பாரத்தைத் தாங்க இயலாமல் கீழ் மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிலம் வரை சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முற்றாகவே இல்லாமற் போயிற்று. நால்வர் உயிரிழந்தனர், 17 பேர் காயமடைந்தனர். சரிந்தவற்றிற் பெரும்பகுதி வரவேற்பறைகளாக இருந்தமையாலும், அந்நேரத்தில் மக்கள் படுக்கையறைகளில் இருந்தமையாலுமே உயிர்ச்சேதம் இந்த அளவில் நின்றது.

விசாரணைக் குழுவின் முடிவு அதிர்ச்சியளித்தது. கட்டடம் அன்றைய விதிகளுக்கு அமைவாகவே கட்டப்பட்டிருந்தது. ஒரு சுவர் போனால் முழு மூலையும் போய்விடக்கூடும் என்பதை அந்த விதிகள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இதன் பின்னரே, 1970 இல் பிரித்தானியக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. ஐந்து மாடிகளோ அதற்கு மேலோ கொண்ட கட்டடங்களில் ஓர் உறுப்பு அகற்றப்பட்டாலும் எஞ்சியவை நிற்க வேண்டும். அல்லாவிடில் அந்த உறுப்பு சதுர மீற்றருக்கு 34 கிலோ நியூற்றன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உலகெங்கும் இன்று கட்டடப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் பாடம் இது.

ரோனன் பொயின்ற் திருத்தப்பட்டு மீண்டும் மக்கள் குடியேற்றப்பட்டனர். 1986 இல் அது பகுதி பகுதியாகப் பிரித்து அகற்றப்பட்டது. அப்போது வெளிவந்த உண்மை இன்னும் கொடியது. பலகைகள் ஒன்றையொன்று சந்திக்கும் மூட்டுகளில், சீமெந்துச் சாந்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்களும் கழிவுகளும் காணப்பட்டன. சில இடங்களில் பழைய செய்தித்தாள்கள் திணிக்கப்பட்டிருந்தன. செய்தித்தாள்களில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான செய்தி வேறு இருக்க முடியாது. நூற்றுக்கணக்கானோர் தலைக்கு மேல் இருந்த பாரத்தை ஒரு காலைப் பதிப்பு தாங்கிக்கொண்டிருந்தது.

கொங்கிறீட் வலிமையற்ற பொருள் என்பதற்கு இது சான்றாகாது. பொருளின் வலிமை மூட்டிலும், மூட்டின் வலிமை அதனைச் செய்தவரின் கையிலும் மேற்பார்வையாளரின் கண்ணிலும் இருக்கின்றது என்பதற்கே சான்றாகும்.

பலகையின் மறுபிறப்பு

1990 களில் ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் ஒரு புதிய கட்டுமானப் பொருள் உருவானது. ஊசியிலை மரங்களை அறுத்துப் பெறும் சாதாரண பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் வைத்து, பசையிட்டு அழுத்தி ஒட்டுவர். மூன்று, ஐந்து, ஏழு என அடுக்குகள் அமையும். பிளைவூட் செய்யும் அதே தத்துவந்தான். ஆனால் இங்கு கிடைப்பது ஒரு முழுச் சுவர், ஒரு முழுத் தளம். துறையினர் இதனை சி.எல்.ரி. என்று சுருக்கி அழைக்கின்றனர். ஒஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்து வளர்த்த பேராசிரியர் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர், வன அறிவியலின் உயர்ந்த விருதான மார்க்கஸ் வாலன்பேர்க் பரிசை 2019 இல் பெற்றார்.

மரம் நார்த் திசையில் வலியது, குறுக்கே மெலிந்தது. ஈரத்தில் வீங்கும், வெயிலில் சுருங்கும். குறுக்கு நெடுக்காக ஒட்டும்போது ஓர் அடுக்கின் அசைவை மற்ற அடுக்கு தடுத்துவிடுகின்றது. கனத்தைப் பொறுத்தவரை இப்பலகை கொங்கிறீட்டின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சாளரங்களுக்கும் கதவுகளுக்குமான இடைவெளிகளைத் தொழிற்சாலையிலேயே வெட்டிக் கொண்டுவந்து, தளத்தில் உருக்குப் பட்டங்களாலும் திருகாணிகளாலும் பிணைத்துவிடலாம்.

மரே குரோவ் கட்டடத்தை வடிவமைத்தவர்கள் வோ திசில்டன் என்ற கட்டடக் கலைஞர் குழுவினரும் ரெக்னிக்கர் என்ற பொறியியலாளர் குழுவினருமாவர். ஒஸ்திரியாவிலிருந்து பாரவூர்திகளில் வந்த பலகைகளை நான்கு தொழிலாளர்கள் 27 வேலை நாட்களில் எட்டு மாடிகளாக நிமிர்த்தினர். முழுக் கட்டடமும் 49 வாரங்களில் நிறைவுற்றது. கொங்கிறீட்டில் கட்டியிருந்தால் 72 வாரங்கள் சென்றிருக்கும் என்பது மதிப்பீடு.

இங்கு ஒரு வரலாற்றுத் தொடர்பைச் சொல்லியாக வேண்டும். சுவர்ப் பலகைமேல் தளப் பலகை, அதன்மேல் மீண்டும் சுவர்ப் பலகை என்ற இந்த அடுக்கு முறை, தோற்றத்தில் ரோனன் பொயின்றின் அடுக்கு முறையே. எனவே எந்தவொரு சுவரை அகற்றினாலும் மேலுள்ளவை தொங்கி நிற்குமாறு மரே குரோவ் கணக்கிடப்பட்டது. 1968 இல் நால்வரின் உயிரைக் கொடுத்துப் பெற்ற விதி, 2009 இல் மரக் கட்டடத்தின் பாதுகாப்பாக மாறியது.

அதே ஹக்னியில் 2011 ஆம் ஆண்டளவில் பிரிட்போர்ட் ஹவுஸ் என்ற கட்டடம் எழுந்தது. அதன் 41 வீடுகளும் உள்ளூராட்சி சபையின் வாடகை வீடுகள். அந்நிலத்தின் கீழே விக்ரோரியா காலத்துப் பெரிய கழிவுநீர்ச் சுரங்கம் ஒன்று செல்கிறது. கனமான கட்டடத்தை அதன்மேல் ஏற்ற முடியாது. மரம் இலேசானது என்பதால், பழைய கட்டடத்தைப் போல் இருமடங்கு உயரத்துக்கு அங்கு கட்ட முடிந்தது. நிலம் அரிதான நகரங்களில் வறியவர்களுக்கு வீடு கட்ட நினைப்போர் கவனிக்க வேண்டிய உதாரணம் இது. இத்தாலியின் மிலான் நகரில் 2013 இல் நிறைவுற்ற வியா சென்னி குடியிருப்பு இன்னோர் உதாரணம். நான்கு ஒன்பது மாடிக் கோபுரங்கள், 120 க்கும் அதிகமான குறைந்த வாடகை வீடுகள், எல்லாம் மரம்.

இரண்டும் ஏன் சேர வேண்டும்?

ஒன்பது மாடிக்கு மேல் செல்லும்போது மரம் தனித்து நிற்பதைவிடக் கொங்கிறீட்டுடன் கைகோத்து நிற்பதே அறிவுடைமை என்பது பொறியியலாளர் பலரின் அனுபவம். காரணங்கள் எளிமையானவை. நிலத்தையொட்டிய தளத்தில் ஈரம் ஏறும், வெள்ளம் வரும், வாகனம் மோதும். அங்கே கொங்கிறீட் நல்லது. மக்கள் தீயிலிருந்து தப்பி இறங்கும் படிக்கட்டுக் கூடம் எரியாத பொருளாய் இருப்பது நல்லது. உயர்ந்த கட்டடத்தைக் காற்று அசைக்கும். மரம் இலேசானது என்பதால் அந்த அசைவு கூடுதலாக உணரப்படும். நோர்வேயில் 2019 இல் நிறைவுற்ற 85.4 மீற்றர் உயரமான மியோஸ்ரோர்னெட் கோபுரத்தின் உச்சி மாடிகள் சிலவற்றின் தளங்களைக் கொங்கிறீட்டினால் அமைத்தது, அந்தப் பாரத்தால் அசைவை மட்டுப்படுத்துவதற்காகவே. மேல்வீட்டுக் குழந்தை ஓடும் ஓசை கீழ்வீட்டுக்குக் கேட்காமல் இருக்கவும் கனம் வேண்டும். தொடர்மாடியில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மறுபுறத்தில், மரம் ஏன் வேண்டும்? உலகம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகின்றது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அக்கல்லிலிருந்தே அந்த வாயு வெளிவருவதால், சூளைக்கு எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும் இதனை முற்றாகத் தவிர்க்க இயலாது. மரமோ வளரும்போது அதே வாயுவை உறிஞ்சிச் சேமிக்கின்றது. ஒரு கனமீற்றர் ஊசியிலை மரத்தில் ஏறத்தாழ முக்கால் தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான கரி அடங்கியிருக்கின்றது. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் நடப்பட வேண்டும், கட்டடம் நெடுங்காலம் நிற்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் இந்தக் கணக்கு மெய்யாகும்.

ஒஸ்திரியாவின் டோர்ன்பிர்ன் நகரில் 2012 இல் ஹெர்மன் கௌஃப்மன் வடிவமைத்த எட்டு மாடி அலுவலகக் கட்டடம் இக்கலப்பு முறைக்கு வழிகாட்டியது. மர உத்திரங்களின் மேல் மெல்லிய கொங்கிறீட் தகட்டை வார்த்து இரண்டையும் ஒரே தளப் பலகையாக்கினர். இழுவிசையை மரம் தாங்கும், அமுக்கவிசையைக் கொங்கிறீட் தாங்கும். ஒரு மாடியின் தீ அடுத்த மாடிக்கு ஏறாமல் அந்தத் தகடு தடுக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 404 மாணவர்கள் தங்கும் 18 மாடி விடுதி 2017 இல் திறக்கப்பட்டது. கீழ்த்தளமும் இரண்டு படிக்கட்டுக் கூடங்களும் கொங்கிறீட். மேலுள்ள 17 மாடிகளும் மரம். அந்த மர வேலை 70 நாட்களுக்குள் முடிந்தது.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வியன்னாவின் 24 மாடி ஹோஹோ கோபுரம் வணிக முயற்சி. அமெரிக்காவின் மில்வோக்கியில் 2022 இல் திறக்கப்பட்ட 25 மாடி அசென்ட் கோபுரம் வசதி படைத்தோருக்கான குடியிருப்பு. உயரத்தின் சாதனைகள் பணமுள்ள இடத்திலேயே நிகழ்ந்தன. பொது வீடமைப்பு அந்த உயரங்களை எட்டவில்லை. அதற்குத் தொழில்நுட்பக் குறைபாட்டை விட வேறொரு காரணம் உண்டு.

கிரென்ஃபெல்

2009 இல், மரே குரோவ் திறக்கப்பட்டுச் சில மாதங்களில், ஜூலை 3 ஆம் திகதி தென் இலண்டனின் கம்பர்வெல்லில் லக்கனல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கொங்கிறீட் தொடர்மாடியில் தீ பரவியது. மூன்று பிள்ளைகள் உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த பலகைகள் வழியே தீ விரைந்து பரவியது. தீப்பாதுகாப்பு வழிகாட்டியை மீளாய்வு செய்யுமாறு 2013 இல் மரண விசாரணை அதிகாரி அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தார். அந்த மீளாய்வு இழுபட்டுக்கொண்டே சென்றது.

2017 ஜூன் 14 ஆம் திகதி அதிகாலை மேற்கு இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது. 72 பேர் மாண்டனர். 1970 களில் கட்டப்பட்ட அந்த 24 மாடிக் கோபுரத்தின் எலும்புக்கூடு கொங்கிறீட். எரிந்தது அதன்மேல் 2016 இல் முடிந்த புனரமைப்பின்போது போர்த்தப்பட்ட மேற்சட்டை. நடுவில் பொலித்தீன் வைத்த அலுமினியத் தகடும், அதன் பின்னாலிருந்த எரியக்கூடிய வெப்பக்காப்புப் பலகையும். கோபுரவாசிகள் முன்பே எச்சரித்திருந்தனர். பெரியதொரு அனர்த்தம் நிகழ்ந்த பின்னர்தான் தங்கள் குரல் கேட்கப்படும் என்ற கருத்தை 2016 நவம்பரில் அவர்களது குழு தன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்தது. ஏழு மாதங்களில் அது மெய்யாயிற்று. சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டெம்பர் 4 ஆம் திகதி வெளியானது. அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று அவர் அன்று கூறினார்.

இதன் எதிர்விளைவாக, 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கலாகாது என்ற தடை இங்கிலாந்தில் 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தடையின் இலக்கு மேற்சட்டைகள். ஆனால் அதன் சொற்கள் வெளிச்சுவர் முழுவதையும் தழுவியமையால், சுமை தாங்கும் மரச் சுவரும் அதில் அகப்பட்டுக்கொண்டது. மரே குரோவ் கட்டடத்தை அதே வடிவில் மீண்டும் கட்ட அந்தச் சட்டம் இடங்கொடாது. காப்புறுதி நிறுவனங்களும் மரக் கட்டடங்களைக் கண்டு தயங்கத் தொடங்கின.

மரம் எரியாதா? எரியும். ஆனால் தடித்த மரப் பலகை எரியும் விதம் மெல்லிய சட்டம் எரியும் விதத்திலிருந்து வேறுபட்டது. மேற்பரப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் வீதம் கரியாகும். அக்கரியே உள்ளிருக்கும் மரத்துக்குக் கவசமாகும். எனவே ஒரு மணி நேரத் தீக்கு 40 மில்லிமீற்றர் வரை கூடுதலாக வைத்துக் கணக்கிடலாம். இதில் ஒரு குறையும் உண்டு. சில பசைகள் சூட்டில் இளகி, கரியான அடுக்கு கழன்று விழுந்து, புதிய மரம் தீக்கு இரையாகக் கூடும். இதனாலேயே 2018 இல் அமெரிக்கத் தரநிர்ணயம் வெப்பம் தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது. 2021 ஆம் ஆண்டின் சர்வதேசக் கட்டடக் கோவை, தீத்தடுப்புப் பலகைகளால் மரம் முற்றாக மூடப்பட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுடன் 18 மாடிகள் வரை அனுமதி வழங்கியது. பரிஸ் நகரில் 2024 ஒலிம்பிக் வீரர்கள் கிராமத்தின் 28 மீற்றருக்கு உட்பட்ட கட்டடங்களில் மரமே முதன்மைக் கட்டுமானப் பொருளாக அமைந்தது. போட்டிகளின் பின் அவ்வீடுகளில் ஒரு பகுதி குறைந்த வாடகைக் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டது. பிரித்தானிய அரசாங்கமும் 2023 டிசெம்பரில் கட்டுமானத்தில் மரத்தைப் பெருக்குவதற்கான வழிவரைபடமொன்றை வெளியிட்டது. ஒரு கை அழைக்க மறு கை தடுக்கும் நிலை இது.

யார் கையெழுத்திட வேண்டும்?

72 பேரைப் பலிகொடுத்த ஒரு நாடு எரியும் பொருளைக் கண்டு அஞ்சுவதை யாரும் பரிகசிக்க இயலாது. கிரென்ஃபெல்லின் சாம்பலுக்கு முன் நின்று, மரத்தை நம்புங்கள் என்று சொல்ல எந்தப் பொறியியலாளருக்கும் துணிவு வேண்டும். ஆயினும் வரலாற்றை நேராக வாசித்தால் வேறொரு பாடம் தெரிகின்றது. 1968 இல் கோபுரம் சரிந்தது கொங்கிறீட்டினால் அன்று, மூட்டினால். 2017 இல் கோபுரம் எரிந்தது மரத்தினால் அன்று, மலிவான மேற்சட்டையினாலும் அதைப் பாதுகாப்பானதென விற்றவர்களின் நேர்மையின்மையாலும். இரு சந்தர்ப்பங்களிலும் புதிய முறையொன்று முதலில் வறியவர்களின் வீட்டில் பரீட்சிக்கப்பட்டது. இரு சந்தர்ப்பங்களிலும் மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தனர்.

மரமும் கொங்கிறீட்டும் கலந்த கோபுரங்கள் நாளைய பொது வீடமைப்புக்கு மிகப் பொருத்தமானவை என்றே இக்கட்டுரையாளர் கருதுகின்றார். கீழே கொங்கிறீட், நடுவே எரியாத படிக்கட்டுக் கூடம், மூடி மறைக்கப்பட்ட மரச் சுவர்கள், தளங்களில் மெல்லிய கொங்கிறீட் தகடு, ஒவ்வொரு மாடியிலும் தானாக நீர் தெளிக்கும் தீயணைப்புக் குழாய்கள் என்ற ஏற்பாடு இன்று கைக்கெட்டிய தொழில்நுட்பம். விரைவில் முடியும், நிலத்துக்குப் பாரம் குறையும், வளிமண்டலத்துக்கும் பாரம் குறையும். ஆனால் அதற்கு முன் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒவ்வொரு மூட்டும் மூடப்படுவதற்கு முன், கட்டுபவரிடம் சம்பளம் பெறாத ஒருவரால் பரிசோதிக்கப்பட வேண்டும். எந்தச் சுவருக்குள் எது இருக்கின்றது என்ற பதிவு குடியிருப்பாளரின் கையில் இருக்க வேண்டும். நீர்க்கசிவோ வெடிப்போ உண்டென்று ஒரு குடியிருப்பாளர் எழுதினால், அதற்குக் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மரத்துக்குத் தீயை விடப் பெரிய எதிரி மறைவில் கசியும் நீர். அதை முதலில் காண்பவர் அந்த வீட்டில் வாழ்பவரே.

நம் நாட்டிலும் குடிசைகளில் வாழ்ந்தவர்களைப் பல மாடிக் கட்டடங்களுக்குக் குடிபெயர்க்கும் பணி நீண்ட காலமாக நடந்து வருகின்றது. அங்கு எந்தப் பொருளால் கட்டுவது என்று நிபுணர்கள் விவாதிக்கட்டும். இலண்டனின் மூன்றரை நூற்றாண்டு அனுபவம் நமக்குச் சொல்வது இன்னொன்று. கட்டுபவர், விற்பவர், அனுமதி வழங்குபவர் ஆகியோர் மாத்திரம் கையெழுத்திட்ட கட்டடங்களே இதுவரை வறியவர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பத்திரத்தில் குடியிருப்பவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும்வரை, சுவர் மரமாக இருந்தாலென்ன, கல்லாக இருந்தாலென்ன, அதற்குள் வாழ்பவரின் அச்சம் தீரப்போவதில்லை.